ஆமைக்கு ஒரு கொக்கி

இரும்பு ஷெட்டில் அவனுக்குப் பெயர் கொக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கனமான சாமானுக்குச் சங்கிலி போட்டு, கிரேன் கொக்கியில் மாட்டி, தூக்கு, இறக்கு, நில் என்று கையாலேயே சொல்லி நகர்த்தும் ரிக்கர் வேலை. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்து ஓட்டுவது அவன் மனைவி. ஷெட்டில் அவன் ஒரு விரலை ஆட்டினால் லாரி கனம் ஆடும். வீட்டுக்கு வந்து பத்து விரலையும் ஆட்டினாலும் ஒரு டம்ளர் தண்ணீர் நகராது.

ஷெட்டின் ஓரத்தில் கூரையை நீட்டிப் போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. பெரிய கிரேன் அங்கே எட்டாது. அங்கே எதையாவது தூக்க வேண்டுமென்றால், உயரத்தில் போகும் இரும்பு உத்திரத்தின் மேலாகக் கயிற்றைப் போட்டு, அதைக் கொண்டு, கையால் சங்கிலி இழுத்துக் கனம் தூக்கும் செயின் பிளாக்கை ஏற்றித் தொங்கவிட வேண்டும். உத்திரத்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான். கீழிருந்து கயிற்று நுனியில் நட்டைக் கட்டி எறிந்து பார்த்தவர்கள் விளக்கை உடைத்தார்கள், தகட்டைப் பொத்தல் செய்தார்கள். ஒருவன் எறிந்தது திரும்பி அவன் மண்டைக்கே வந்தது. ஆகவே யாராவது தூணில் ஏறிப் போய்க் கயிற்றைப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த யாராவது எப்போதும் கொக்கிதான். பல்லி மாதிரி ஏறுவான். பக்கத்து ஷெட்டில் பெயிண்டர்கள் நின்று வேலை செய்கிற தூக்கும் மேடை ஒன்று இருந்தது. பட்டனை அமுக்கினால் ஆளோடு மேலே போகும். அதைக் கேட்டு வாங்கவா என்று ஃபோர்மேன் ஒருமுறை கேட்டபோது, "அது மீட்டிங் பேசறவங்களுக்கு சார். நமக்கு எதுக்கு?" என்றான் கொக்கி. ஷெட்டே சிரித்தது. ஃபோர்மேன் அதோடு கேட்பதை விட்டுவிட்டார்.

போன மழையில் அந்தத் தூணில் அவனுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்பு வார் பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட சட்டை மாதிரி கொஞ்ச நேரம் தொங்கினான், அவ்வளவுதான். பிறகு தூணைக் கட்டிப்பிடித்தபடியே சறுக்கி இறங்கி, கக்கூசுக்குள் போய்த் தாழ்போட்டு, தொடை நடுக்கம் நிற்கிறவரை குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தான். யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் அன்றிலிருந்து ஸ்டூலில் ஏறினாலே உள்ளங்கை ஈரமானது. வீட்டுக் கூடத்தில் பல்பு ஃபியூஸ் போய் நாளாகியும், "இருட்டு கண்ணுக்கு நல்லது" என்று சமாளித்துக்கொண்டிருந்தான்.

வெளியே சொல்ல முடியாது. ஏறாத ரிக்கரை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். பின்பக்க யார்டில் பழைய இரும்பு பொறுக்க விடுவார்கள். அவனுக்கு முன்னால் இருந்த ரிக்கருக்கு அதுதான் நடந்தது. இரும்பு பொறுக்குவது ஒன்றும் கேவலமில்லை. அவன் அப்பாவும் அம்மாவும் பொறுக்கித்தான் அவனை வளர்த்தார்கள். ஆனால் யார்டிலிருந்து பார்த்தால் கிரேன் கூண்டு தெரியாது.

இந்த நிலைமையில்தான் ஃபோர்மேன் வந்து சொன்னார். "சாய்ப்புல இருக்கிற பழைய மோட்டாரை அடுத்த வாரம் வெளிய எடுக்கணும். கயிறு போட்டுடு."

"போட்டுடலாம் சார்," என்றது வாய். வாய்க்கு என்ன, அது ஏறப் போவதில்லையே.

வீட்டில் ஆமை இருந்தது. அவன் சீட்டாட்டத்தை விட்டபோது, கை சும்மா இருந்தால் திரும்பவும் அங்கேதான் போகும் என்று மனைவியே வாங்கிக் கொடுத்த பொம்மை ரோபோ அது. நாலு சக்கரம், ஒரு பேட்டரி, கையடக்கமாக ஒரு ரிமோட். மேலே மூடி உடைந்துபோனதால் பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்தான். ஆமை என்று பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, காணாமல் போன செருப்பைத் தள்ளிக்கொண்டு வரச் செய்வான். அதற்குமேல் அதனால் உலகத்துக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

அந்த ஆமையின் முதுகில் ஒரு ஏவுகுழல் வைத்தால் என்ன? குழலிலிருந்து ஒரு கொக்கி பறந்து, பின்னாலேயே தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு, உத்திரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தால்? நரம்பில் கயிற்றைக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. ஏற வேண்டாம்.

ஏவுகுழல் மட்டும் போதுமே, அதற்கு ஆமை எதற்கு என்ற கேள்வி அவனுக்கும் வந்தது. வந்ததும் அதற்குப் பதிலும் வந்தது. வெறும் குழலோடு போய் நின்றால், ஏன்யா ஏறலை என்று கேட்பார்கள். பொம்மையோடு போய் நின்றால், கிறுக்கு முற்றிவிட்டது என்று சிரிப்பார்கள். கிறுக்கனை யாரும் யார்டுக்கு அனுப்புவதில்லை. பயந்தவனைத்தான் அனுப்புவார்கள்.

அந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கொக்கியைச் செய்தான். தொழிலில் அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தூக்கப்போகிற கனத்தைப்போல ஆறு மடங்கு தாங்கினால்தான் அவன் ஒரு சாமானைத் தொடுவான். கையில் அந்தப் புத்திதான் ஊறியிருந்தது. நல்ல இரும்புக் கம்பியை வளைத்து, மூன்று கொம்பு வைத்து, மச்சினனிடம் கொடுத்து வெல்டிங் செய்து வாங்கினான். மனைவியின் தம்பியான மச்சினன் அதே ஷெட்டில் வெல்டர். தங்க நகை மாதிரி ஒட்டிக் கொடுத்தான். இதில் ஒரு எருமை மாட்டைத் தொங்கவிட்டாலும் அசையாது.

பி.வி.சி. பைப்பில் குழல். கதவைத் தானாகச் சாத்த வைக்கும் பழைய கதவு மூடியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அழுத்தி ஒரு ஊசியால் தடுத்து வைத்து, அந்த ஊசியை இழுக்க ஒரு குட்டி மோட்டார். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, மனைவியையும் மச்சினனையும் சுவரோரம் நிற்கச் சொன்னான். "யாரும் குறுக்க வராதீங்க," என்று ஷெட்டில் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, பட்டனை அமுக்கினான்.

டப் என்று சத்தம் கேட்டது. கொக்கி எழுந்து நின்று, யோசித்து, ஆமையின் மூக்குக்கு நேர் கீழே விழுந்தது. ஆமைதான் பறந்தது. பின்பக்கமாக, தரையோடு தரையாக, பீரோவுக்கு அடியில் போய் மோதி நின்றது.



"மாமா," என்றான் மச்சினன், "ஆமை எவ்வளவு கனம்?"

"ஒரு கிலோகூட வராது."

"கொக்கி?"

கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பீரோவுக்கு அடியில் கிடந்த ஆமையையும் பார்த்தான். கனம் தெரிந்து சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

"யானை மேல பூனையை வெச்சா சரி," என்றாள் மனைவி. "நீங்க பூனை மேல யானையை வெச்சிருக்கீங்க."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் அசடு வழிய பீரோவுக்கு அடியில் குனிந்து, ஆமையை எடுக்கிற சாக்கில் அங்கேயே சிறிது நேரம் தங்கிவிட்டான்.

அடுத்த கொக்கியைக் குடைக் கம்பியில் செய்தான். அது பறந்தது. ஆனால் பாதி வழியில் நரம்பு சிக்கி, வந்த வேகத்தில் திரும்பி, கொடியில் காய்ந்த மனைவியின் வேலைச் சட்டையை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. நரம்பைச் சுற்றியிருந்த உருளை, கொக்கியின் வேகத்துக்குச் சுழலவில்லை. எண்ணெய் போட்டான், சிக்கியது. உருளையைத் தேய்த்தான், சிக்கியது. நாலாவது தடவை மனைவி சட்டையை உதறிக்கொண்டே கேட்டாள்.

"ஷெட்டுல கயிறைச் சுத்தியா வெப்பீங்க?"

"சுத்தி வெச்சா முறுக்கிக்கும். வாளியில அப்படியே மடிச்சு மடிச்சு விட்டாத்தான்..."

வாக்கியம் அங்கேயே நின்றது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே அவன் சொல்லிக்கொடுப்பது அதுதான். கயிறை வாளியில் விடுடா, சுத்தாதே. அத்தனை பேருக்கும் சொன்னவன் தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்திருந்தான். ஆமையின் முதுகில் ஒரு தயிர் கப்பை ஒட்டி, நரம்பை அதற்குள் மடித்து விட்டான். அதற்குப் பிறகு சிக்கவே இல்லை.

மாடிப்படியில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது மாடிக் கைப்பிடியைத் தாண்டிக் கொக்கி பறந்ததைப் பார்த்தபோது, அவனுக்குள் சின்னப் பையன் ஒருவன் குதித்தான். உள்ளேதான். வெளியே ரிக்கர் மாதிரியே நின்றான்.

"சூப்பர் மாமா!" என்றான் மச்சினன். "ஆனா கொக்கி எறிஞ்சா மட்டும் போதுமா? ஆமை அதைப் பிடிச்சு ஏற வேணாமா? ஒரு வின்ச் வையேன்."

தேவையில்லாத வேலை. ஆனால் பார்க்க இன்னும் கிறுக்குத்தனமாக இருக்கும் என்று தோன்றியது. கிறுக்கு எவ்வளவுக்கு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு பயம் மறையும். வைத்தான். பட்டனைப் பிடித்துக்கொண்டால் ஆமை தன் நரம்பைத் தானே சுருட்டிக்கொண்டு மேலே போகும், விட்டால் நிற்கும்.

அன்று சாயங்காலம் மனைவி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூடத்தில் இருட்டு.

"ஏங்க, ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"எனக்கு என்ன தெரியும். சொல்லணும்னா சொல்லுங்க."

"பேட்டரி இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்," என்றான்.

அவள் எழுந்து போய்விட்டாள்.

குறித்த நாள் வந்தது. சாய்ப்பில் மோட்டாரைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்தார்கள். பெரிய கிரேன் பக்கத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறொரு ரிக்கர் கை காட்ட, கொக்கியின் மனைவி இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். கொக்கி பையைத் திறந்து ஆமையை எடுத்துத் தரையில் வைத்தான். ஷெட் மொத்தமாகச் சிரித்தது.

"என்னய்யா இது, பிள்ளை பெத்துட்டியா?" என்றார் ஃபோர்மேன்.

"சும்மா ஒரு டெஸ்ட் சார். ரெண்டு நிமிஷம்."

"ஆமைக்கு ஹெல்மெட் எங்கய்யா?" என்று ஒருவன் கத்தினான்.

எல்லாம் அவன் நினைத்தபடியே நடந்தது. கிறுக்கன் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. ஆமையை ஓட்டிப் போய் உத்திரத்துக்கு நேராக நிறுத்தி, குழலை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினான். கொக்கி பறந்தது. நரம்பு கப்பிலிருந்து பால் பொங்குகிற மாதிரி எழுந்து போனது. உத்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் குறுகல் இடைவெளிக்குள் கொக்கி சொல்லிவைத்த மாதிரி நுழைந்தது. விசில் பறந்தது. ஃபோர்மேனே கை தட்டினார்.

ஆனால் அந்தப் பக்கம் எதுவும் விழவில்லை.

கொக்கி உத்திரத்தின் மேல் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று கொம்பு வைத்த கொக்கி வேறு என்ன செய்யும்? தாண்டி விழ வேண்டுமென்றால் ஒரு ஈயக் குண்டு போதும். அவனுக்குக் கொக்கிதான் தோன்றியது. ஊரே கொக்கி கொக்கி என்று கூப்பிட்டால் ஒரு மனிதனுக்கு வேறு என்னதான் தோன்றும்? நரம்பை இழுத்துப் பார்த்தான். இழுக்க இழுக்க இன்னும் நன்றாகப் பிடித்தது. நல்ல கொக்கி.

"ஏத்து மாமா! ஏத்து!" என்று மச்சினன் கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆமை மேலே போய் ஆடினால் கொக்கி கழன்று விழலாம் என்று ஒரு நினைப்பு. வின்ச் பட்டனை அமுக்கினான்.

ஆமை தரையை விட்டது. சக்கரங்கள் காற்றில் சும்மா சுற்ற, மெதுவாகத் திரும்பித் திரும்பி மேலே போனது. தலைக்கு மேலே, விளக்குக்கு மேலே. சாய்ப்பில் காற்று வந்தது. ஆமை ஆடியது. இத்தனை உயரத்தில், ஒரு மெல்லிய நரம்பில், பிடிமானம் எதுவும் இல்லாமல் அது ஆடுவதை அண்ணாந்து பார்த்தபோது, அது ஆமை மாதிரித் தெரியவில்லை. இடுப்பு வாரில் தொங்கிய ஆள் மாதிரித் தெரிந்தது. 

நிறுத்து என்று மனசு சொன்னது. இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவன் உடம்பில் ஒரே ஒரு அர்த்தம்தான். வலது முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே உயர்த்தினான்.

கிரேன் நின்றது.

ஷெட்டின் நடுவில், சட்டம் அந்தரத்தில் தொங்க, பெரிய கிரேன் அப்படியே உறைந்து நின்றது. நில் சைகையை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது என்பது கிரேன் விதி. அங்கே கை காட்டிக்கொண்டிருந்த ரிக்கர் வாயைப் பிளந்து நின்றான். ஆமை மட்டும் நிற்கவில்லை. அதற்குக் கண் இல்லை. கொக்கியின் இடது கை பதற்றத்தில் பட்டனை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தது. ஆமை நேராகப் போய் உத்திரத்தின் அடியில் முட்டி, அங்கேயும் ஏறப் பார்த்து, கிர்ர் என்று கத்தி, புகைவிட்டு அடங்கியது. சாப்பாட்டு டப்பா கழன்று கீழே வந்து ஃபோர்மேனின் ஹெல்மெட்டில் டங் என்று உட்கார்ந்து உருண்டது.

"யாருய்யா கிரேனை நிறுத்தச் சொன்னது?" என்று அவர் மேலே பார்த்துக் கத்தினார்.

கூண்டிலிருந்து ஒரு கை வெளியே வந்து கொக்கியைக் காட்டியது. அவன் முஷ்டி இன்னும் மேலேதான் இருந்தது. மெதுவாக இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. ஃபோர்மேன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டார். "சரி, வேடிக்கை போதும். ஏறு. கயிறையும் போட்டுட்டு உன் ஆமையையும் எடுத்துக்கிட்டு வா."

ஏறாமல் இருப்பதற்காகச் செய்த சாமானை எடுக்க இப்போது ஏற வேண்டும். கொக்கி தூணருகே போனான். தூணில் கை வைத்தான். இரும்பு குளிர்ந்தது, கை நனைந்தது. கால் எழவில்லை. திரும்பி, எதற்கென்று தெரியாமலே, கூண்டைப் பார்த்தான்.

அவள் கண்ணாடியோரம் எழுந்து நின்றிருந்தாள். வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கிக் காட்டி, மெதுவாக வட்டம் போட்டாள். இறக்கு. இத்தனை வருஷத்தில் அவள் அவனுக்குக் கை காட்டியது அதுதான் முதல் தடவை.

தூணிலிருந்து கையை எடுத்தான்.

"என்னால ஏற முடியல சார்."

"ஏன், முதுகுப் பிடிப்பா?"

நல்ல மனுஷன், பொய்யையும் அவரே எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டால் போதும்.

"இல்ல சார். பயம்."

மச்சினன் சிரிக்க ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்து, நிறுத்திக்கொண்டான்.

"எப்பலேருந்து?" என்றார் ஃபோர்மேன்.

"மழையில கால் வழுக்குனதுலேருந்து."

"அப்ப இந்த ஆமை, பைப்பு, ஸ்பிரிங்கு..."

"ஆமா சார். அதுக்குத்தான்."

ஃபோர்மேன் ஹெல்மெட்டைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார். "பக்கத்து ஷெட்டுல தூக்குற மேடை சும்மாதானேய்யா நிக்குது. நீதான் அது மீட்டிங் பேசறவங்களுக்குன்னு சொன்ன. திரும்பக் கேட்டா உனக்கு ரோஷம் வந்துடும்னு நான் வாயைத் திறக்கல. நீயும் திறக்கல. நடுவுல ஒரு ஆமை வெந்து போச்சு."

மேடை வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவன் கதவு மூடியைப் பிரித்து, குடையை முறித்து, நரம்போடு மல்லுக்கட்டிய அத்தனை நாளும் அது சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது.

"உன் ஆமை. நீயே போய் எடு," என்றார் ஃபோர்மேன். "கம்பி இருக்கு, கதவு இருக்கு. வாரை மாட்டிக்கோ."

மாட்டிக்கொண்டு ஏறி நின்றான். கீழே இருந்த பட்டன் பெட்டியை மச்சினன் பிடித்துக்கொண்டான். மேடை அசைந்ததுமே கொக்கியின் இரண்டு கையும் கம்பியை இறுக்கிக்கொண்டன.

"எந்தப் பக்கம் மாமா? இங்கேருந்து தெரியல. கை காட்டு!"

"கை காலி இல்லடா!"

திரும்பவும் சிரிப்பு. அவனுக்கே சிரிப்பு வந்தது, பல் கிட்டிப் போயிருந்ததால் வெளியே வரவில்லை. "டேய், மேல பாருடா, அக்காவைப் பாரு," என்று யாரோ சொன்னார்கள். மச்சினன் கூண்டைப் பார்த்தான். அங்கிருந்து அவள் கை காட்டினாள். தூக்கு. இடது. இன்னும் கொஞ்சம். அவன் தினமும் காட்டுகிற அதே வட்டம், அதே விரல் மடிப்பு, கடைசியில் மெதுவாக என்பதற்கு மணிக்கட்டை ஆட்டுகிற அந்தக் கெட்ட பழக்கம் உட்பட. முஷ்டி உயர்ந்ததும் மேடை நின்றது. உத்திரம் அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

ஒரு கையைக் கம்பியிலிருந்து பிரித்தெடுக்கத்தான் நேரமானது. அதற்குப் பிறகு கயிறு தானாகப் போனது. ஆமையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். வயிற்றில் சுட்டது.

கீழே வந்ததும் நேராக ஃபோர்மேனிடம் போய் நின்றான். "யார்டுக்கு அனுப்பிடுவீங்களா சார்?"

"அனுப்பிட்டு?" என்றார் அவர். "நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தம்மா ரெண்டு அடி தள்ளித்தான் நிறுத்துவாங்க. நீ பொம்மைக்குக் கை தூக்கினா கிரேன் இருந்த இடத்துல நிக்குது. கீழயே நின்னு கை காட்டு. ஏற வேண்டியது வந்தா மேடையை வரவழைப்போம். நீ ஏற மாட்டேன்னா வேற ஆள் ஏறட்டும்." போகப் போனவர் திரும்பினார். "இனிமே அந்த ரிமோட்டை மட்டும் உள்ள கொண்டு வராதே, ஆமை."

அன்றைக்கே பெயர் மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க தொங்குனப்ப நான் கூண்டுலதானே இருந்தேன். நேருக்கு நேர்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கை காட்டாம நான் எதை அசைச்சிருக்கேன்?" என்றாள்.

அவன் ஆமையின் கருகிய மோட்டாரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அலமாரியிலிருந்து புது பல்பை எடுத்து, கூடத்தின் நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அவன் ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்தான். அண்ணாந்து பார்த்தான். பல்பு சரியாக உட்காரவில்லை. மற்றக் கை தானாக எழுந்து, இன்னும் கொஞ்சம் இடது என்று காட்டியது.

"கையெல்லாம் காட்ட வேணாம்," என்றாள் மேலிருந்து. "ரெண்டு கையாலயும் ஸ்டூலைப் பிடிங்க."